காது இரைச்சலுக்கென்று ஒரு செவித்திறன் மையம்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கோவையில் உள்ள ஒரு தனியார் செவித்திறன் மையம், வெளியில் ஓசை இல்லாதபோதும் காதுக்குள் விடாமல் கேட்கும் இரைச்சலுக்கென்று தனியாக ஒரு சேவையை நடத்தி வருகிறது. என் கணவர் சென்ற ஆண்டிலிருந்து அதைப் பயன்படுத்துகிறார். பரிசோதனை அறைக்கு வெளியே காத்திருந்தவள், உள்ளே அழைக்கப்பட்டு உடன் அமர்ந்தவள், வீட்டில் அதன் பலனைப் பார்த்தவள் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை நான் எழுதுகிறேன். குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே பரிசோதனைகளும் இதே வகைக் கருவிகளும் சென்னை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களிலும் கிடைப்பதால், பெயர் இல்லாமலும் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

என் கணவருக்கு அறுபது வயது நெருங்குகிறது. பல்லடத்துக்குப் பக்கத்தில், கூலிக்கு நெய்து கொடுக்கும் சாதாத் தறிக் கூடம் (தானியங்கி அல்லாத விசைத்தறிக் கூடம்) ஒன்றை இளவயதிலிருந்து நடத்தியவர். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்குக்கூடக் கையைக் காட்ட வேண்டும், அல்லது காதருகே கத்த வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு இந்தியத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 90 டெசிபல். சாதாத் தறிக் கூடங்களில் ஓசை அதைத் தாண்டுவது வழக்கம். தறிகளை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, இரண்டு காதுகளிலும் சில்வண்டு கத்துவது போன்ற ஓசை விடாமல் கேட்பதாகச் சொன்னார். பகலில் அதைச் சமாளித்தார். இரவில் தூக்கம் கெட்டது, எரிச்சல் கூடியது, உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு வர மறுத்தார்.

மையத்தில் முதலில் பிடித்த விஷயம், அவர்கள் எங்களை உடனே ஏற்றுக்கொள்ளாததுதான். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்த குறிப்பு இல்லாமல் இரைச்சலுக்கான ஆலோசனையைத் தொடங்க மாட்டோம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்கள். அலைச்சலாக இருக்கிறதே என்று அன்று தோன்றினாலும், அதன் நியாயம் பிறகு விளங்கியது. இரைச்சல் என்பது பல கோளாறுகளுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. அவற்றில் சில எளிதில் தீரக்கூடியவை. காதுக் குறும்பி செவிப்பறையை அடைத்துக்கொண்டிருந்தால், அதை எடுத்ததுமே இரைச்சல் நின்றுபோகலாம். நடுக்காதில் சீழ், நடுக்காது எலும்பு இறுகிப்போதல், தாடை மூட்டுக் கோளாறு, தலைசுற்றலும் கேட்புக் குறைவும் சேர்ந்து வரும் மெனியர் நோய் ஆகியவையும் இரைச்சலைத் தரும். இரத்த சோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, உயர் இரத்த அழுத்தம் போன்றவை இருந்தால், இதயத் துடிப்போடு இசைந்து ‘தொம் தொம்’ என்று கேட்கலாம். மருந்துகளும் காரணமாகும். அதிக அளவில் எடுக்கப்படும் ஆஸ்பிரின் தரும் இரைச்சல் பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் போய்விடும். காசநோய்க்குப் போடப்படும் ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் ஊசிகளும், புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டினும் ஒலியை உணரும் உட்காதின் மயிர்ச்செல்களை நிரந்தரமாகவே அழிக்கக்கூடும்.

மூன்று நிலைமைகளில் மையங்களைத் தேடி நேரத்தைக் கழிக்கவே கூடாது என்று அந்த மருத்துவர் அழுத்திச் சொன்னார். இரைச்சலோடு சேர்ந்து ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், அது அவசர சிகிச்சைக்குரியது. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு கூடும். இரைச்சல் ஒரே காதில் மட்டும் நிலைத்திருந்தாலோ, ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்திருந்தாலோ, செவி நரம்பில் கட்டி இல்லை என்பதை ஸ்கேன் மூலம் உறுதிசெய்ய வேண்டும். நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்டால், இரத்தக் குழாய்களைப் பரிசோதிக்க வேண்டும். என் கணவருக்கு இவற்றில் எதுவும் இல்லை, ஆகவே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். எதற்கும் ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாமே என்று வற்புறுத்திய உறவினர்களுக்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மையத்தின் முதல் சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. இந்தச் சேவையில் கொடுத்த காசுக்கு முழுப் பயன் கிடைத்த பகுதி அதுவே. ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், ஓர் இளம்பெண். எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன்னால் கேள்விகளாகவே கேட்டுக்கொண்டிருந்தார். தறிக் கூடத்தில் எத்தனை தறிகள், அறைக்கு ஜன்னல் உண்டா, காதில் எதையாவது அடைத்துக்கொள்வீர்களா, பட்டாசு வெடித்து எப்போதாவது காது அடைத்துக்கொண்டதா, எப்போதேனும் டி.பி. ஊசி போட்டதுண்டா, காப்பி எவ்வளவு, தூக்கம் எப்படி என்று நீண்ட கேள்விகள் அவை. பஞ்சை அடைத்துக்கொள்வேன் என்று என் கணவர் பெருமையோடு சொன்னபோது, அவர் சிரிக்காமல், “பஞ்சு சத்தத்தை அவ்வளவா தடுக்காதுங்க சார்” என்று மட்டும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்கம்மா, டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரா?” என்று கேட்டார். நோயாளியின் வீட்டாரைக் கேட்காத எந்த ஆலோசனையும் பாதிதான் என்பது என் கருத்து. ஏனெனில் தனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, இரைச்சல் மட்டும்தான் தொல்லை என்று என் கணவர் அதுவரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார்.

ஒலி புகாத அறையில் நடந்த கேட்புப் பரிசோதனை அந்த நம்பிக்கையை மாற்றியது. 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். தாழ்ந்த சுருதிகள் அவருக்கு நன்றாகவே கேட்டன; வரைபடத்தின் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகில் பள்ளமாக இறங்கி, 8000-இல் சற்று மேலேறியது. பேரோசையில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களிடம் காணப்படும் வழக்கமான வடிவம் அது என்று விளக்கினார்கள். அடுத்து, அவருடைய இரைச்சலையே அளந்தார்கள். பல சுருதிகளை மாற்றி மாற்றிக் கேட்க வைத்து, உள்ளே கேட்கும் ஓசையோடு பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அது பள்ளம் விழுந்த அதே பகுதியில் வந்து நின்றது. அதன் உரப்பையும் பொருத்திப் பார்த்தார்கள். அந்தச் சுருதியில் அவருக்குக் கேட்கத் தொடங்கும் அளவைவிடச் சில டெசிபல்களே கூடுதலாக இருந்தது. தூக்கத்தைக் கெடுத்த ஓசை, அளவில் அவ்வளவு சிறியது என்று அவரால் நம்ப முடியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் வரும், ஓசையின் அளவுக்கும் அது தரும் வேதனையின் அளவுக்கும் நேரான தொடர்பு இல்லை என்றார் ஆடியாலஜிஸ்ட்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரைச்சலை மூடும் அளவுக்குச் சற்று உரப்பான ‘உஸ்’ என்ற ஓசையை ஒரு நிமிடம் காதில் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள். என் கணவர் ஹெட்ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கையை உயர்த்தி, யாரும் பேச வேண்டாம் என்பது போலக் காட்டினார். அரை நிமிடம் போல இரைச்சல் முற்றிலும் நின்று, மெல்ல மெல்லத் திரும்பி வந்ததாக வெளியே வந்து சொன்னார். இது சிகிச்சை ஆகாது, எல்லோருக்கும் நிகழ்வதும் இல்லை என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். ஆனாலும், தனக்குள் கேட்கும் ஓசை மாறக்கூடியது என்பதை ஒருவர் தானே உணர்வதற்கு இதைவிட நல்ல வழி இருக்காது.

விளக்கம் சொன்ன விதமும் பாராட்டத்தக்கது. உட்காதின் மயிர்ச்செல்கள் சேதமடைந்து, உயர்ந்த சுருதிகள் மூளைக்கு வந்து சேர்வது குறைந்துவிடும்போது, மூளை அந்தப் பகுதியின் உணர்திறனைத் தானாகவே கூட்டிக்கொள்கிறது. அந்தக் கூடுதல் செயல்பாடே ஒலியாகத் தோன்றுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். செவி நரம்பையே அறுவை சிகிச்சையில் துண்டித்தாலும் பலருக்கு இரைச்சல் தொடர்கிறது என்ற தகவலைச் சொன்னபோது, காதுக்குள் எதையாவது ஊற்றிச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணம் என் கணவருக்கு அங்கேயே போய்விட்டது. நல்ல கேட்புத்திறன் உள்ள 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்து அமெரிக்காவில் 1953-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஓசை கேட்டதாகச் சொன்னார்கள் என்பதையும் குறிப்பிட்டார்கள். ஓசை பலருக்கும் உண்டு. அதை ஆபத்தின் அறிகுறியாக மூளை எடுத்துக்கொள்வதுதான் தொல்லையின் வேர் என்பது அவர்களுடைய வாதம்.

குறைகளும் அதே அறையிலேயே தொடங்கிவிட்டன. இரைச்சல் ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அளக்க உலகெங்கும் பயன்படும் 25 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று உண்டு. ஆம், சில வேளை, இல்லை என்ற விடைகளுக்கு முறையே 4, 2, 0 மதிப்பெண் தந்து, நூற்றுக்குக் கணக்கிடுவார்கள். அந்தத் தாள் இங்கே ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாய்மொழியாகச் சொல்லி விடை வாங்கினார். நெசவாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வந்துபோகும் ஊரில், மனச்சோர்வு, விரக்தி போன்றவற்றைப் பற்றிய கேள்விகளை ஓர் இளம்பெண் உரக்கப் படித்து, பெரியவர் ஒருவர் மனைவியின் முன்னால் விடை சொல்ல வேண்டிய நிலை சரியானதல்ல. பல கேள்விகளுக்கு என் கணவர் ‘இல்லை’ என்று சொன்னது உண்மையான விடையா, கூச்சமா என்று எனக்கே ஐயம்.

இனிக் கருவி. கேட்புக் குறைவும் இரைச்சலும் சேர்ந்து இருப்பவர்களுக்குக் காதொலிக் கருவியைப் பரிந்துரைப்பது நெறிமுறைப்படி சரியே; அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. கேட்காமல் போன சுருதிகள் கருவி வழியாக மீண்டும் மூளைக்குப் போய்ச் சேரும்போது, இரைச்சல் பின்னுக்குப் போகிறது. இப்போதைய கருவிகள் பலவற்றில், விரும்பினால் மெல்லிய ‘உஸ்’ ஓசையையோ கடலலை போன்ற ஓசையையோ எழுப்பும் வசதியும் உள்ளது. அந்த ஓசை இரைச்சலை முழுவதும் மூடிவிடக் கூடாது. இரைச்சலும் அதுவும் கலந்து கேட்கும் அளவுக்குச் சற்றுக் குறைவாகவே வைக்க வேண்டும், அப்போதுதான் மூளை அதற்குப் பழகும் என்று சொல்லி, அவரை உட்கார வைத்துப் பொறுமையாக அளவைச் சரிசெய்தார்கள்.

ஆனால் ஆலோசனை முடிந்து விலை பேசும் மேசைக்கு வந்ததும், குரலும் மொழியும் மாறிவிடுகின்றன. அங்கே இருந்த விற்பனை ஊழியர், இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டும் உயர்ரகக் கருவியை எடுத்து வைத்து, இரைச்சலுக்கு இதுதான் ஏற்றது என்றார். ‘உஸ்’ ஓசையை எழுப்பும் அதே வசதி குறைந்த விலைக் கருவியிலும் இருக்கிறதே என்று நான் விவரத்தாளைக் காட்டிக் கேட்டபோது, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். உயர்ரகத்தில் கூடுதலாகக் கிடைப்பவை, சந்தடியில் பேச்சைப் பிரித்துத் தருவது, கைப்பேசியோடு இணைவது போன்றவை. அவை தேவைப்படுபவர்களுக்குத் தரக்கூடிய விலைதான். வீட்டோடு இருக்கும் ஒருவருக்கு நடுத்தரக் கருவி போதும் என்று முடிவு செய்தோம். வாங்குவதற்கு முன்பு சில வாரங்களுக்கு வீட்டில் அணிந்து பார்க்க மாதிரிக் கருவி தருகிறார்கள், ஆனால் கேட்டால்தான் தருகிறார்கள். காதொலிக் கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால், பில்லில் அப்படி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பயன்பாட்டில் அந்தக் கருவி எப்படி? காது மெஷின் போட்டால் கிழவன் ஆகிவிடுவேன் என்று முரண்டு பிடித்தவர், இப்போது காலையில் பல் துலக்கியதும் தானாகவே எடுத்து மாட்டிக்கொள்கிறார். செவித்துளையை முழுவதும் அடைக்காத, ஓட்டைகள் உள்ள மென்மையான முனை என்பதால், தன் குரல் குடத்துக்குள் கேட்பது போன்ற தொல்லை இல்லை. வெயில் காலத்தில் வியர்வை ஒரு சிக்கல். கழற்றித் துடைத்து, ஈரம் உறிஞ்சும் மாத்திரை போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். ஹெல்மெட் போடும்போதும் கழற்றும்போதும் கருவி நழுவுகிறது. பகலில் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டால்தான் நினைவுக்கு வருகிறது என்கிறார்.

இரவில் கருவியைக் கழற்றிவிட வேண்டும், தொல்லை அதிகமாக இருப்பதோ இரவில்தான். இதற்கென்று தலையணைக்குள் வைக்கும் ஒலிபெருக்கி ஒன்றை மையத்தில் விற்கிறார்கள். அதை வாங்கத் தேவையில்லை என்பது என் அனுபவம். காதொலிக் கருவி நிறுவனங்களே இரைச்சலுக்கென்று இலவசச் செயலிகளை வெளியிட்டிருக்கின்றன. மழை, அலை, ஓடை ஆகிய ஓசைகளைக் கலந்து, குறைந்த ஒலியில் கைப்பேசியைக் கட்டிலருகே வைத்தால் போதும். மின்விசிறி ஓசையே போதுமானதாக இருக்கும் இரவுகளும் உண்டு. முழு அமைதியான அறையைத் தவிர்க்க வேண்டும் என்பது மட்டுமே இதில் உள்ள சூத்திரம்.

ஒலியைக் கொண்டு செய்யும் சிகிச்சையைப் பற்றி மையத்தின் விளம்பரத் தாள் சொல்வதற்கும் ஆய்வுகள் சொல்வதற்கும் இடையில் தூரம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, காதொலிக் கருவி, ஒலி எழுப்பும் கருவி, இரண்டும் சேர்ந்த கருவி ஆகிய மூன்றில் ஒன்று மற்றொன்றைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை. அதே அமைப்பு 2020-இல், 28 ஆய்வுகளில் இருந்த 2733 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்சி தரும் உளவியல் முறை, இரைச்சலின் பாதிப்பைக் குறைக்கக்கூடும் என்று தெரிந்தது. ஓசையின் உரப்பை அது குறைப்பதில்லை. ‘இது நிற்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்’ என்பது போன்ற எண்ணத்தை அடையாளம் கண்டு, சோதித்து, அதன் பிடியைத் தளர்த்தக் கற்றுத் தருகிறது. சான்று ஒப்பீட்டளவில் வலுவாக இருக்கும் இந்தப் பகுதிதான் மையத்தின் மிக நலிந்த பகுதி. உளவியலாளர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருகிறார், அவரிடம் நேரம் கிடைப்பது அரிது, அவர் தரும் பயிற்சித் தாள்களும் ஆங்கிலமே. கருவி விற்பனைக்கு ஒதுக்கிய இடத்திலும் ஆளிலும் பாதியை இதற்கு ஒதுக்கியிருந்தால் பலருக்குக் கருவியே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு குறை, வரவேற்பு மேசையில் அடுக்கி வைத்திருக்கும் ஜின்கோ பைலோபா என்ற மூலிகை மாத்திரைப் புட்டிகள். உள்ளே ஆடியாலஜிஸ்ட் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெளியே மட்டும் ‘காது நரம்புக்கு நல்லது’ என்ற அட்டை தொங்குகிறது. மேலே சொன்ன 2014 வழிகாட்டுதல், நீடித்த இரைச்சலுக்கு ஜின்கோ, மெலடோனின், துத்தநாகம் போன்றவற்றைப் பரிந்துரைக்கக் கூடாது என்றே சொல்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஜின்கோ ஆபத்தாகவும் முடியலாம். நம் ஊரில் தாராளமாக எழுதித் தரப்படும் பீட்டாஹிஸ்டின் மாத்திரைக்கும், மெனியர் நோய் இல்லாத வெறும் இரைச்சலில் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை. பூண்டைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் காதில் விடும் கைவைத்தியத்தை என் மாமியார் இன்றும் பரிந்துரைக்கிறார். செவிப்பறையில் துளை இருந்தால் அது நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்க வைக்கும் என்பதால், அவருக்குத் தலையாட்டிவிட்டு எண்ணெயைத் துவையலுக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன். நாக்கில் மென்மையான மின்தூண்டலும் காதில் ஒலியும் சேர்த்துத் தரும் அயர்லாந்து நாட்டுக் கருவி ஒன்றுக்கு 2023-இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. அதைப் பற்றி நாங்கள் கேட்டபோது, இங்கே அது இல்லை என்று நேராகவே சொன்னார்கள், மாற்றாக வேறெதையும் தலையில் கட்டவில்லை.

மையத்தில் விலைக்குத் தகுந்த பொருள் என்று நான் சொல்லக்கூடியது, நுரையாலான காதடைப்பான். சில பத்து ரூபாய்தான். எங்கள் தறிகளை வாங்கியவரின் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தோம். விரலால் உருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்து உள்ளே செலுத்த வேண்டும் என்பதை ஆடியாலஜிஸ்ட் செய்து காட்டினார். அதே நேரத்தில், இரைச்சலுக்குப் பயந்து வீட்டிலும் கடைத்தெருவிலும் அடைப்பான் போட்டுக்கொண்டால் காது இன்னும் கூர்மையாகி இரைச்சல் உரப்பாகத் தோன்றும் என்று எச்சரித்தார். காதில் இயர்போன் மாட்டியபடியே திரியும் எங்கள் மகனுக்கும் ஒரு கணக்குச் சொல்லி அனுப்பினார். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான்.

இதுபோன்ற மையத்துக்குப் போக நினைப்பவர்கள், பரிசோதனையும் முதல் ஆலோசனையும் சேர்ந்த கட்டணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் கேட்புப் பரிசோதனை செய்கிறார்கள். கூட்டம் இருக்கும், இவ்வளவு நேரம் உட்கார வைத்துப் பேச மாட்டார்கள், ஆனால் அடிப்படைக் காரணத்தைக் கண்டறிய அது போதும். எந்த மையமாக இருந்தாலும், கருவியைச் சரிசெய்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர்தானா என்று பதிவெண்ணைக் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஆலோசனை சொன்னவரின் எண் சுவரிலேயே மாட்டியிருந்தது, விற்பனை மேசையில் இருந்தவருக்கு அப்படி எதுவும் இல்லை. கருவியின் ஓசை அளவை அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். முதல் ஆண்டுக்கு அது இலவசம், அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்பதை எங்களிடம் சொன்னது பணம் கட்டிய பின்புதான். கருவியை வாங்கும்போதே அந்தத் தொகையைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.